அரைப் பேர்

மதுவைப் பற்றி ஒரு பெண் எழுதப் புகுவதும், அதனைத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் எழுதப் புகுவதும் சிலருக்கு வியப்பையும் சிலருக்கு முகச்சுளிப்பையும் தரக்கூடும். ஆதலின் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திராட்சை மதுவின் சுவையை நான் அறியேன். எங்கள் தோட்டத்தில் சாராயம் என்னென்ன செய்தது என்பதை அறிவேன். சம்பள நாளன்று மாலையில் லயத்தின் எந்தக் கதவு முதலிற் சாத்தப்படும் என்பதையும் அறிவேன். மதுவின் புகழ் பாடுவதற்கான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. எனினும், உலகின் மறுகோடியிலுள்ள ஒரு மதுச்சாலையின் வரலாறு கடந்த பல மாதங்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. என் அப்பாயி கேட்ட ஒரு கேள்வியின் முழுப் பொருளையும் அந்த வரலாற்றைப் படித்த பின்னரே நான் உணர்ந்தேன். அதனாலேயே இக்கட்டுரை.

எனது ஊர் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்குள்ள துரை பங்களா நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. அண்மையில் அது புதுப்பிக்கப்பட்டு, வெளிநாட்டார் வந்து தங்கும் விடுதியாகியுள்ளது. கடந்த நீண்ட விடுமுறையில் ஏழு வாரங்கள் அங்கே வழிகாட்டியாக வேலை செய்தேன். பங்களாவின் வரலாறு என ஒரு பக்கத் தாளொன்றை ஆங்கிலத்தில் அச்சிட்டுத் தந்திருந்தார்கள். கட்டடத்தை எழுப்பிய துரை, பூந்தோட்டத்தை அமைத்த துரைசானி, அவர்களுக்குப் பின் வந்த துரைமார் ஐவர் ஆகியோரின் பெயர்கள் ஆண்டுகளுடன் அதில் இருந்தன. ரோசாச் செடிகளுக்கு நடுவே ஒரு நாயின் கல்லறையும் உண்டு. கல்லிற் பொறித்த அதன் பெயரும் அத்தாளில் இடம்பெற்றிருந்தது. நான் அதனை நன்கு மனனஞ் செய்து, வருவோரிடம் தங்கு தடையின்றி ஒப்புவித்து வந்தேன். என் ஆங்கிலத்தைப் பலர் பாராட்டினர். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் மாலை அடுப்படியில் அப்பாயி கேட்டார்: "ஏம் புள்ள, அந்த வூட்டப் பத்தி வெள்ளக்காரவுங்களுக்கு என்னா சொல்லுற?"

நான் தாளில் உள்ளதைத் தமிழிற் சொன்னேன். நாயின் பெயரையுஞ் சொன்னேன். அப்பாயி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரோட்டுலேருந்து மேல ஏறிப்போற படிக்கல்லெல்லாம் எங்க தாத்தாவும் கூட இருந்தவுங்களும் ஆத்துலேருந்து தூக்கியாந்தது. அதச் சொன்னியா?" என்றார்.

"அது அந்தத் தாள்ல இல்ல அப்பாயி" என்றேன்.

அவர் வேறொன்றும் பேசவில்லை. முருங்கைக்கீரையை ஆய்வதிலேயே கவனமாக இருந்தார். நானும் அதனை அத்துடன் மறந்துவிட்டேன், அல்லது மறந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து வளாகத்துக்குத் திரும்பியதும், எமது விரிவுரையாளர் ஒருவர் பயண இலக்கியம் பற்றிய ஒப்படைக்காக நூலொன்றைத் தந்தார். 'புதையல் தீவு' எழுதிய றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சனின் 'சில்வராடோ ஸ்குவாட்டர்ஸ்' என்பது அதன் பெயர். 1880ஆம் ஆண்டிலே, புதிதாக மணம் முடித்த ஸ்டீவன்சன் தம் மனைவி பனியுடன் கலிபோர்ணியாவின் நாப்பா பள்ளத்தாக்கிற்குச் சென்று, கைவிடப்பட்ட ஒரு சுரங்கக் குடியிருப்பில் சில வாரங்கள் தங்கினார். அந்த நாட்களின் பதிவாக 1883இல் வெளிவந்தது இந்நூல். அதன் ஒரு பகுதியில், கலிஸ்டோகா என்னும் சிற்றூரை அடுத்த மலையொன்றின் மீது ஜேக்கப் ஷ்ராம் என்பவர் அமைத்திருந்த திராட்சைத் தோட்டத்தை அவர் பார்க்கப் போகிறார். அந்த மலைத் தோட்டத்தின் பெயர் ஷ்ராம்ஸ்பேர்க்; ஷ்ராமின் மலை என்பது அதன் பொருள்.

யார் இந்த ஷ்ராம்? 1826இல் ஜேர்மனியின் றைன் நதிப் பிரதேசத்திற் பிறந்தவர். பதினாறு வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். கற்ற தொழில் முடி திருத்தல். 1850களின் தொடக்கத்திற் கலிபோர்ணியாவை அடைந்து, நாப்பாவில் அத்தொழிலையே நடத்தி, சிறுகச் சிறுகப் பணஞ் சேர்த்தார். 1862ஆம் ஆண்டிலே டயமன்ட் மலைச் சரிவில் காடாய்க் கிடந்த நிலத்தை வாங்கினார். பள்ளத்தாக்கின் சமதரையில் திராட்சை நட்டவர் சிலர் அக்காலத்தில் இருந்தனர். மலைச்சரிவில் நட முனைந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். கொடிகள் காய்க்கும் வரை குடும்பம் உண்ண வேண்டுமே! ஆகவே, தோட்டத்தைத் தொடங்கிய பின்னரும் நெடுநாள் வரையிற் சவரக் கத்தியுடன் பள்ளத்தாக்கெங்கும் நடந்து திரிந்து தொழில் செய்தார்; அவர் இல்லாத வேளைகளில் மனைவி ஆனி தோட்டத்தை மேற்பார்த்தார்.

ஸ்டீவன்சன் சென்ற காலத்தில் அந்த வறுமை நீங்கியிருந்தது. விறாந்தையிற் பஞ்சடைத்த பறவைகள், எங்கும் பூக்கள், மலையின் வயிற்றுக்குள் நெடுந்தூரம் செல்லும் நிலவறைகள். திருமதி ஷ்ராம் விறாந்தையில் அமர்ந்து பனியுடன் உரையாடிக்கொண்டிருக்க, ஷ்ராம் விருந்தினரை நிலவறைக்கு அழைத்துச் சென்று தம் மதுவகைகள் ஒவ்வொன்றையும் சுவைக்கக் கொடுக்கின்றார். ஒவ்வொரு மிடறின் போதும் எழுத்தாளரின் முகத்தையே கவலையோடும் பெருமையோடும் நோக்குகின்றார். செல்வம் வந்த பின்னரும் தன் உழைப்பின் பயனைப் பிறர் என்ன சொல்வாரோ என அஞ்சும் அந்த மனிதர்மீது எனக்கு அன்பு உண்டாயிற்று. பரீட்சைத் தாளைக் கையளித்துவிட்டு விரிவுரையாளரின் முகம் பார்க்கும் எங்கள் நிலைதானே அது!

அந்தப் பக்கங்களை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று என்னை நிறுத்தியது. பஞ்சடைத்த பறவைகளைக் கண்ட கண், மலையைக் குடைந்து செய்த நிலவறையையும் கண்டது. ஆனால் அதனைக் குடைந்தவர் யார் என்பதை அது கேட்கவில்லை. அடுப்படியில் அப்பாயி கேட்ட கேள்வி எனக்குத் திடீரென நினைவுக்கு வந்தது. ஒப்படைக்கு வேண்டிய அளவு கடந்து நான் தேடத் தொடங்கியது அதன் பின்னரே.

அந்த நிலவறைகளைக் குடைந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். இதனை அந்த மதுச்சாலையின் இன்றைய உரிமையாளர்களே தம் வரலாற்றிற் கூறுகின்றனர். 1870ஆம் ஆண்டளவில், எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறையைப் பிக்கானும் மண்வெட்டியுங் கொண்டு அவர்கள் வெட்டினர். பிக்கானின் தடங்கள் சுவர்களில் இன்றுங் காணக்கூடியனவாய் உள்ளன. அந்த ஆண்டுக்கு ஒரு பொருள் உண்டு. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த புகையிரதப் பாதை 1869 மே மாதத்தில் நிறைவேறியது. அதன் மேற்குப் பகுதியை, சியரா நெவாடா மலைகளின் கருங்கல்லைத் துளைத்து அமைத்தவர்களுள் மிகப் பெரும்பாலானோர் தென்சீனத்துக் குவாங்தொங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். வேலை முடிந்ததும் பல்லாயிரவர் வேலையற்றனர். அவர்களுட் பலர் கலிபோர்ணியாவின் பழத் தோட்டங்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் சென்றனர். காடு வெட்டினர், கல் அடுக்கினர், கொடி நட்டனர், பழம் பறித்தனர், நிலவறை குடைந்தனர்.

1882இல் அமெரிக்கப் பாராளுமன்றம் சீன விலக்குச் சட்டத்தை நிறைவேற்றியது. சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவது தடுக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ளோர் பிரசாவுரிமை பெறும் வழியும் அடைக்கப்பட்டது. 1943 வரை அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. இதனைப் படித்தபோது எந்த மலையகத்தவரின் மனத்திலும் 1948 என்ற ஆண்டு தோன்றாமலிராது. சுதந்திரம் பெற்ற அதே ஆண்டிலே இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியோரின் உரிமை சட்டத்தால் உறுதிப்பட 2003 வரை செல்ல வேண்டியிருந்தது. இரு நாட்டு வரலாறுகளும் ஒன்றே என நான் கூறவில்லை. கையின் உழைப்பு வேண்டும், கைக்குரியவன் வேண்டாம் என்னும் எண்ணம் மட்டும் இரண்டிலும் ஒன்றே.

இனி மதுச்சாலையின் வீழ்ச்சிக்கு வருவோம். பிலோக்செரா என்பது திராட்சைக் கொடியின் வேரை உறிஞ்சி வாழும் மிகச் சிறிய பூச்சி. அமெரிக்கக் கண்டத்தின் கிழக்கிலே தோன்றிய இது, ஐரோப்பாவுக்குச் சென்று பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. 1890களில் நாப்பாவின் தோட்டங்களிற் பெரும்பகுதியையும் பாழாக்கியது. பேராதனையிற் படிக்கும் எனக்கு இக்கதையின் இன்னொரு வடிவம் நன்கு தெரியும். 1869ஆம் ஆண்டிலே இலங்கையின் கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்; அங்கே அது புதியதொரு பங்கசு நோய் எனப் பெயரிடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. எமது வளாகத்துக்கு அண்மையிலுள்ள அந்தப் பூங்காவின் வாயிலைக் கடக்குந்தோறும், உள்ளங்கை அகல இலையொன்றில் ஒரு நாட்டின் பொருளாதாரமே சரிந்ததை எண்ணாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

ஷ்ராம் 1905இல் இறந்தார். மகன் ஹேர்மன் சில ஆண்டுகள் நடத்திவிட்டு, 1912இல் மலையை விற்றார். குடும்பத்தின் தொடர்பு அத்துடன் அறுந்தது. 1920 தொடக்கம் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அதன் பின்னர் உரிமை கைமாறிக்கொண்டே இருந்தது. 1950களில் மதுச்சாலையை மீண்டுந் தொடங்க ஒருவர் எடுத்த முயற்சியும் நிலைக்கவில்லை. காடு மீண்டது. மரவீடு சிதைந்தது. கொடிகள் அழிந்தன.

1965ஆம் ஆண்டிலே ஜாக் டேவிஸ், ஜேமி டேவிஸ் என்னும் கணவன் மனைவியர் தெற்குக் கலிபோர்ணியாவில் வாழ்ந்த வசதியான வாழ்வை விட்டு, குழந்தைகளுடன் அந்தப் பாழ்மலைக்கு வந்தனர். வணிக நிருவாகம் பயின்று உயர்பதவி வகித்தவர் ஜாக்; மது ஆக்கும் தொழில் அவருக்குக் குடும்பத் தொழிலன்று. ஷ்ராம் செய்தது நுரைக்காத சாதாரணத் திராட்சை மது. இவர்களோ, பிரான்சின் சம்பேன் மாகாணத்தில் நடப்பது போல, போத்தலினுள்ளேயே நொதிக்கும் நுரைமதுவை ஆக்கத் துணிந்தனர். அமெரிக்காவில் அக்காலத்தில் இம்முறையைக் கைக்கொண்டவர் மிகச் சிலரே. ஷார்டனே என்னும் உயர்ந்த வெண்திராட்சையை இதற்கெனப் பயன்படுத்தியதில் அவர்களே அந்நாட்டில் வணிகமுறையில் முன்னோடிகள்.

அம்முறை பொறுமையையே மூலதனமாகக் கொண்டது. முதலில் திராட்சைச் சாறு நொதித்து மதுவாகின்றது. அம்மதுவைப் போத்தலில் அடைக்கையிற் சிறிதளவு சீனியும் மதுவமும் சேர்க்கப்படுகின்றன. மூடிய போத்தலினுள் இரண்டாம் முறை நொதித்தல் நிகழ்கின்றது. வெளியேற வழியற்ற காபனீரொட்சைட்டு மதுவிற் கரைந்து நிற்கின்றது. பின்னர் மாதங்களாக, ஆண்டுகளாக, போத்தல்கள் இருளிற் கிடக்க வேண்டும். இறந்த மதுவம் அடியிற் படிந்த மண்டியை அகற்றுதல் அடுத்த வேலை. துளையிட்ட மரச் சட்டங்களிற் போத்தல்களைக் கழுத்துக் கீழாகச் சாய்த்து வைத்து, நாள்தோறும் ஒவ்வொன்றையும் கையினாற் சிறிது திருப்புவர். வாரக்கணக்கில் இவ்வாறு திருப்ப, மண்டி மெல்ல மெல்லக் கழுத்தில் வந்து சேரும். கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைக் கழற்றினால், உள்ளழுத்தம் மண்டியைக் கட்டியாக வெளியே தள்ளிவிடும். ஒரு தொழிலாளி ஒரு நாளில் ஆயிரக்கணக்கான போத்தல்களைத் திருப்புவதுண்டு. கொழுந்து பறிக்கும் கையின் வேகத்தை அறிந்தவர்க்கு இந்தக் கையின் வேகமும் விளங்கும்.

இவை யாவற்றுக்கும் இன்றியமையாதது குளிர். வெயிலும் மழையும் எட்டாத, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே குளிர்நிலையிலுள்ள இருண்ட இடம் வேண்டும். அவ்விடம் அங்கே ஆயத்தமாக இருந்தது. சீனத் தொழிலாளர் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் குடைந்து வைத்த நிலவறைகள்!

இவ்விடத்தில் ஒரு கணம் நின்று நோக்குதல் வேண்டும். 'ஷ்ராம்ஸ்பேர்க் புத்துயிர் பெற்றது' என்று சொல்கின்றோம். எது மீண்டது? ஷ்ராமின் குடும்பம் மீளவில்லை. அவர் நட்ட கொடிகளும் மீளவில்லை. அவர் ஆக்கிய மதுவுக்கும் இந்த மதுவுக்கும் வகையிலேயே வேறுபாடு உண்டு. உடைமையும் பயிரும் பண்டமும் மாறின. மாறாமல் நின்றவை மூன்று: மலை, அதன் பெயர், மலையின் வயிற்றிலே குடைந்த அறைகள். இவற்றுள் மலை இயற்கை தந்தது, பெயர் ஷ்ராமுடையது. மூன்றாவது யாருடையதோ அவர்களுக்கே பெயரில்லை. ஒரு பழம்பெருங் குடும்ப மதுச்சாலையின் மரபு என்று இன்று போற்றப்படுவதைத் தாங்கி நிற்பது, அக்குடும்பத்தைச் சேராதவர்களின் கைவேலையே என்பது என் எண்ணம்.

1972 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரிச்சட் நிக்சன் சீனாவுக்குச் சென்றார். இரண்டு தசாப்தங்களுக்கும் மேலாக இராஜதந்திர உறவின்றிப் பகைத்திருந்த இரு நாடுகளின் உறவில் அது ஒரு திருப்பம். பெப்ரவரி 25ஆந் திகதி, அன்று பீக்கிங் எனப்பட்ட பெய்ஜிங் நகரில் அமெரிக்கத் தரப்பு அளித்த விருந்தில், நிக்சனும் சீனப் பிரதமர் சூ என்-லாயும் சமாதானத்தை வாழ்த்திக் கிண்ணம் உயர்த்தினர். கிண்ணங்களில் இருந்தது ஷ்ராம்ஸ்பேர்க்கின் 1969ஆம் ஆண்டு வெண்ணுரைமது. டேவிஸ் குடும்பத்தினர் மலையேறி ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. சிறியதொரு மதுச்சாலையின் பெயரை உலகறியச் செய்தது அந்த ஒரு மாலைப்பொழுது.

சீனர் குடைந்த இருளிற் கிடந்து முதிர்ந்த மது, சீனாவின் தலைநகரில் ஊற்றப்பட்டது. அந்த மண்டபத்திலிருந்த எவருக்கேனும் இது தோன்றியிருக்குமா? நான் அறியேன். நாடு விட்டு நாடு சென்று, பாறை வெட்டி, உரிமை மறுக்கப்பட்டு, எங்கோ அடக்கஞ் செய்யப்பட்டவர்களின் உழைப்பு மட்டும் அவர்களின் சொந்த நாட்டிற்கு ஒரு மாலைநேரம் திரும்பிச் சென்றது. அதனுடன் ஒரு பெயரேனும் செல்லவில்லை.

டேவிஸ் குடும்பத்தினர் மீது குறை காண்பது என் நோக்கமன்று. அவர்களின் உழைப்பும் துணிவும் மெய்யானவை. 1968இல் நாப்பா மாவட்டம் வேளாண் காப்புநிலச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அதற்காகப் பாடுபட்டவர்களுள் ஜாக் டேவிஸும் ஒருவர். பள்ளத்தாக்கின் விளைநிலத்தைத் துண்டு துண்டாக்கி வீட்டுமனைகளாக விற்பதை அச்சட்டம் கட்டுப்படுத்தியது. அது இல்லாவிடின் இன்று அங்கே கொடிகளுக்குப் பதிலாகக் கொங்கிறீற்றே நின்றிருக்கக்கூடும். ஜாக் 1998இலும் ஜேமி 2008இலும் மறைந்தனர். அவர்கள் மலைக்கு வந்த அதே 1965இல் பிறந்த மகன் ஹியூ பின்னர் மதுச்சாலையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நிலவறைகளைச் சீனரே குடைந்தனர் என்பதை அக்குடும்பத்தினர் மறைத்ததுமில்லை. சொல்வதற்கு இனம் எஞ்சியது. ஆளின் பெயர் எஞ்சவில்லை. நூறாண்டு கழிந்து வந்தவர்களால் இல்லாத பெயர்களை எங்ஙனம் மீட்க முடியும்? எழுதியிருக்க வேண்டியவர்கள் உடனிருந்தவர்களே.

இந்த வாக்கியத்தை எழுதிய பிறகே அதன் கூர் என்னை நோக்கியிருப்பதை உணர்ந்தேன். நான் உடனிருக்கும் ஒருத்தி அல்லவா?

மலையகத்திற்கு வெளியேயுள்ள வாசகர்களுக்காக ஒரு சொல்லை விளக்க வேண்டும். எங்கள் தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒரு நாட் சம்பளம். காலைப் பிரட்டுக்கு வந்து வேலைக்குப் போனால் செக்ரோலிற் பேர் விழும். குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால், அன்று விழுவது அரைப் பேர். "இன்னக்கி பேரு போட்டாங்களா?" என்பது மாலையில் லயத்து வாசலில் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி. அப்பாயி முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். அத்தனை ஆண்டுகளும் அவருக்குப் பேர் போட்டார்கள். ஆனால் பங்களாவின் அந்த ஒரு பக்கத் தாளில், அவருக்கோ அவருக்கு முன் வந்தவர்களுக்கோ அரைப் பேர்கூட விழவில்லை.

அடுத்த விடுமுறையின் தொடக்கத்தில் சில நாட்கள் மீண்டும் அதே வேலைக்குச் சென்றேன். படிக்கற்களைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் அன்பாகவே பதில் சொன்னார்: விருந்தினர் ஓய்வுக்காக வருபவர்கள், தாள் நீண்டுவிடும். நான் வாதாடவில்லை. ஆனால் அன்று மாலை வந்த வயதான தம்பதியரை அழைத்துக்கொண்டு படியேறுகையில், தாளை மடித்து வைத்துவிட்டு, "இந்தக் கற்களை என் அப்பாயியின் தாத்தாவும் அவருடைய கூட்டாளிகளும் ஆற்றிலிருந்து சுமந்து வந்தார்கள்" என்று சொன்னேன். குரல் சற்றுத் தடுமாறியது. இருவரும் நின்றார்கள். அந்த அம்மையார் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். பின்னர் என்னைப் பார்த்து, "அவருடைய பெயர் என்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

ஐந்து துரைமாரின் பெயர்களை ஆண்டுகளுடன் அறிவேன். நாயின் பெயரை அறிவேன். ஷ்ராமின் மனைவி பெயரையும் மகன் பெயரையும் அறிவேன். என் அப்பாயியின் தாத்தா பெயரை நான் ஒருபோதும் கேட்டதில்லை. ஸ்டீவன்சனின் மீது நான் சுமத்திய குற்றத்தை இருபத்துமூன்று ஆண்டுகளாக நானே செய்துவந்திருக்கிறேன்.

அன்றிரவு அப்பாயியிடம் கேட்டேன்.

"கல்லுத் தாத்தான்னுதான் கூப்புடுவோம்" என்றார்.

"அது சரி அப்பாயி, பேரு?"

அவர் நெடுநேரம் யோசித்தார். அடுப்பு அணைந்துகொண்டு வந்தது. அதனைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் அப்பிடித்தான் கூப்புட்டாங்க. நான் சின்னப் புள்ள. பேரு... செக்ரோல்ல இருக்குமே புள்ள."

அக்காலத்துச் செக்ரோல் புத்தகங்களைப் பற்றித் தோட்டத்துக் கந்தோரில் விசாரித்தேன். பழையவை கறையான் அரித்துப் போயினவாம். எஞ்சியவற்றை என்றோ எரித்துவிட்டார்களாம். அவரது பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் சம்பளக் கணக்கு. கணக்குத் தீர்ந்ததும் அதன் தேவையும் தீர்ந்துவிட்டது.

இப்போது என்னிடம் ஓர் அப்பியாசக் கொப்பி இருக்கிறது. அப்பாயிக்கும், அவர் வயதையொத்த வேறு நால்வருக்கும் நினைவிலுள்ளவர்களை அதில் எழுதி வருகிறேன். யார் எந்தப் பாதை வெட்டினார், யார் எந்த மலையிற் கான் வெட்டினார், யார் ஸ்டோர் கட்டக் கல் உடைத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். கிடைப்பவற்றுட் பல முழுப் பெயர்களல்ல. பட்டப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், இன்னாரின் தாய், இன்னாரின் தம்பி என்பன. எல்லாம் அரைப் பேர்களே. சில வேளைகளில் ஒருவர் சொன்ன பாதிக்கு மற்றொருவர் மறுபாதியைச் சொல்லிவிடுவார். அவ்வாறு இதுவரை ஆறு பெயர்கள் முழுமையாகியுள்ளன. சொல்லக்கூடியவர்கள் எண்பதை நெருங்குகிறார்கள். எனக்கு இறுதியாண்டுப் பரீட்சையும் நெருங்குகிறது. எதை முந்தவிடுவது என்பது எனக்கு இன்னும் தீராத வழக்கு.

கொப்பியின் முதற் பக்கத்தில் முதல் வரியாக 'கல்லுத் தாத்தா' என்று எழுதியிருக்கிறேன். அதன் எதிரே, முழுப் பெயருக்கென ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.